ரெண்டரை முழப் பூச்சடை

காலை ஆறு மணி. கோவை பூ மார்க்கெட்.

மறுநாள் வெள்ளகோவிலில் என் அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். மணப்பெண்ணின் பின்னல்மேல் வைத்துக் கட்டும் பூச்சடையை வாங்கிவரும் வேலை கோவையில் குடியிருக்கும் என் தலையில் விழுந்தது. என்னை நம்பி வேலை கொடுக்க எங்கள் குடும்பத்தில் யாரும் துணிவதில்லை. போன கல்யாணத்தில் சீர்த்தட்டுகளை வேறொரு மண்டபத்தில் இறக்கிவைத்து, அங்கேயே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் வந்தவன் நான். இந்த முறை கவிதாதான், "சித்தப்பாவே வாங்கிட்டு வரட்டும்" என்று அடம்பிடித்தாள். சடை பிசகினால் என் மானம் போவது பெரிதல்ல, ஏற்கெனவே போனதுதான். என்னை நம்பிய பெண் தன் கல்யாண நாளில் எல்லோரிடமும் பேச்சு வாங்குவாள்.

பூக்கார அம்மாளிடம், அண்ணி போனில் சொன்ன அளவைச் சொன்னேன். ரெண்டரை முழம்.

"யாரோட மொழமுங்க?"

"மொழம்னா மொழந்தானுங்க. நீங்களே அளந்து கட்டுங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

அந்த அம்மாள் நல்ல உயரம். உட்கார்ந்தபடியே கையை நீட்டி, கடையின் மறுகோடியிலிருந்த எலுமிச்சைக் கூடையை இழுத்தார். அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குப் புத்தியில் உறைக்கவில்லை. மல்லிகை மொட்டும் ரோஜா இதழும் மரிக்கொழுந்துமாக வாழைப்பட்டையில் வைத்துத் தைத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. விலை இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய். ஈரத்துணி சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

பத்து மணி. சிங்காநல்லூர் பேருந்து நிலையம்.

கரூர் பேருந்தில் ஏறினேன். வெள்ளகோவில் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் எண்பது ரூபாய். பெட்டியைக் கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டேன். சூலூர் தாண்டியதும் பக்கத்து இருக்கை அம்மாள் திரும்பினார்.

"ஏனுங்க, மல்லி வாசம் தூக்குதுங்க. கல்யாணமுங்களா? ஒருக்கா காட்டுங்க, பாத்துபோட்டுத் தாரேன்."

பல்லடத்தில் வண்டி நின்றபோது பெட்டியைத் திறந்தேன். அவர் சடையைத் தூக்கித் தன் கையால் அளந்தார்.

"மூணு மொழமுங்க."

"ரெண்டரைங்க" என்றேன்.

பின்னிருக்கைப் பெண் சடையை வாங்கி அளந்தார். "என்ற கைக்கு மூணேகாலுங்க." கண்டக்டரும் பையைத் தோளில் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார். அவருக்கு ரெண்டே முக்கால். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், "என்ற கையையும் வெச்சுப் பாத்துட்டே வண்டிய எடுக்கட்டுங்களா?" என்றார்.

பக்கத்து இருக்கை அம்மாள்தான் கேட்க வேண்டியதைக் கேட்டார். "அளவு சொன்னது ஆருங்க? ஆளு ஒசரமுங்களா?"

என் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அவள் சொன்னது அவள் கை முழம். காங்கயத்தில் இறங்கி வெட்டிச் சுருக்கலாமா என்று கேட்டேன்.

"வெட்டுனா தையல் உட்டுப்போகுமுங்க. மொத்தமும் உதிர்ந்துபோகும்."

காங்கயம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை.

ஒரு மணி. வெள்ளகோவில்.

கவிதாவை நிற்கவைத்து அண்ணி சடையைப் பிடித்துப் பார்த்தாள். சவுரி வைத்துப் பின்னிய பின்னல் தொடையோடு முடிந்தது. பூச்சடை கெண்டைக்கால் வரை இறங்கியது.

"ஏனுங்க தம்பி, இது பொண்ணுக்கு வாங்குனதுங்களா, தேருக்கு வாங்குனதுங்களா?"

எனக்குத் தலை நிமிரவில்லை. கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "இருக்கட்டும்மா. மிச்சத்த முன்னால எடுத்து மடியில போட்டுக்கறேன்." அண்ணி முணுமுணுத்துக்கொண்டே ஃபிரிட்ஜிலிருந்த தக்காளியையெல்லாம் வெளியே எடுத்துவைத்து, சடைக்கு இடம் செய்தாள்.

மறுநாள் காலை, மண்டபம்.

மணவறையில் கவிதாவின் தோள்வழியே பூ இறங்கி மடியில் கிடந்தது. "இது புது மாடலுங்களா?" என்று உறவுக்காரப் பெண்கள் கேட்டார்கள். "ஆமாங்க, கோயமுத்தூர் மாடல்" என்று அண்ணி கண்ணிமைக்காமல் சொன்னாள். எனக்கு அப்போதுதான் இட்லி இறங்கியது.

பன்னிரண்டரை மணி.

கவிதா தாராபுரத்திலுள்ள புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். அண்ணி முந்தைய நாளிலிருந்தே அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். சீர்ப் பாத்திரங்களை ஏற்றுகிற சாக்கில் மகள் பக்கமே போகவில்லை. "போயிட்டு வா கண்ணு" என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கார் நகர்ந்தது.

கதவிடுக்கில் மாட்டி, முக்கால் முழ மல்லிகை வெளியே தொங்கிக்கொண்டு போனது.

"ஏனுங்க! பூவு! பூவு!" என்று வாசலே கத்தியது. போட்டோக்காரர் ஓடினார், சமையல்காரர் கரண்டியோடு ஓடினார். எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியது அண்ணியின் குட்டைக் கால்கள்தான். கார் நின்றது. புறப்பட்ட வண்டி நிற்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளை அதைக் காதில் வாங்காமல் மறுபக்கம் இறங்கி நின்றார்.

அண்ணி கதவைத் திறந்து, பூவைத் தூக்கி மகளின் மடியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே காருக்குள் ஏறி உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கவிதாவும் அழுதாள். வெயிலில் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

நான்கு மணி. பேருந்து நிறுத்தம்.

என்னை வழியனுப்ப அண்ணி வந்தாள். முகம் இன்னும் வீங்கியிருந்தது. என் மகள் இப்போதுதான் பத்தாம் வகுப்பு.

"தம்பி, உங்க புள்ளை கல்யாணத்துக்குப் பூச்சடைய நானே வாங்கியாறேனுங்க. நீங்க வாசல்ல சந்தனம் குடுத்தாப் போதும்."

"சரிங்க அண்ணி" என்றேன். பேருந்து வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிச் சொன்னேன்.

"ஒரு மொழம் கூடவே வாங்குங்க."