நில்லுன்னு எழுதினா உள்ள விடும்

நாப்பத்திமூணு. இந்த நம்பரை மறந்துடாதீங்க. மும்பை செம்பூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க கூட்டித் துடைக்கிற காண்ட்ராக்ட் ஆளுங்கள்ல சர்நேம் இல்லாதவங்க இத்தனை பேர். அத்தனையும் தமிழாளுங்க. நமக்கு ஏது சர்நேம்? பேர் ஒண்ணு, அதுக்கு முன்னால அப்பனோட எழுத்து ஒண்ணு. அவ்வளவுதான் நம்ம வம்சம்.

முன்னெல்லாம் கேட்ல நோட்டு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டா ஹாஜரி, வந்ததா கணக்கு. இப்ப மொபைல். ஆப்பைத் திறந்து அமுக்கணும். பச்சை வந்தா வந்திருக்கே, சிவப்பு வந்தா வரலை. நீ அங்கயே துடைப்பத்தோட நின்னாலும் வரலைதான். மூணு நாள் சேர்ந்தாப்ல வரலைன்னா நாலாம் நாள் கேட் பாஸ் தானா மூடிக்கும். மூடினதைத் திறக்கறதுக்கு ஒரு ஆபீசரும் கிடையாது.

அந்த ஆப்பை எழுதறவங்கள்ல ஒருத்தி கலைச்செல்வி. வயசு முப்பத்தாறு. தாராவியில சித்தி செண்பகவல்லி வீட்டு மாடியறையில குடியிருக்கா. வாஷியில ஆபீஸ். பதினோரு வருஷமா காண்ட்ராக்ட். லேப்டாப் கம்பெனியோடது, இடுப்புவலி அவளோடது. டிப்ளமோ சேரும்போது கிளார்க் சர்நேம் கேட்டான்னு அப்பா பேரைப் போட்டா. அதனால ஆபீஸ்ல அவ பேரு மிஸ் பரமசிவன். செத்து ஒம்பது வருஷமான மனுஷனைத் தினமும் மீட்டிங்குக்குக் கூப்பிடறாங்க.

சித்திக்கும் அந்த ஆஸ்பத்திரியிலதான் வேலை. திங்கக்கிழமை ஆப் புதுசா மாறுச்சு. கலை ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன்ல கூட்டத்துக்குள்ள நசுங்கிட்டு இருக்கறப்ப சித்தி போன் பண்ணா.

"ஏட்டி, கடைசிப் பேரு என்னன்னு கேக்கு. என்னத்தப் போட?"

"இனிஷியலைப் போடு சித்தி. வைய்யி, வண்டி வந்துட்டு."

அவ்வளவுதான் பேச்சு. சித்தி இங்கிலீஷ்ல 'எஸ்' போட்டா. பச்சை வந்துச்சு. மத்தவங்க ஒண்ணும் போடாம அமுக்கினாங்க, சிவப்பு வந்துச்சு.

கலை ஆபீஸ் போய்ச் சேரும்போது புகார் வந்து கிடக்கு. சிவப்பு வந்தவங்க நாப்பத்திரெண்டு. சர்நேம் இல்லாதவங்க லிஸ்டை எடுத்துப் பாத்தா நாப்பத்திமூணு. ஒருத்தர் லீவா இருக்கும்னு நினைச்சா. நினைச்சதோட விட்டா.

கோளாறு இதுதான். மொபைல்லயிருந்து சர்வருக்குப் போறது ஒரு பார்சல். உள்ள சின்னச் சின்னப் பைங்க. பேருக்கு ஒரு பை, சர்நேமுக்கு ஒரு பை. இப்படிக் கட்டற முறைக்கு எக்ஸ்எம்எல்னு பேரு. சர்நேம் பை காலியா போனா, வழியில எவனோ உருவிட்டான்னு சர்வர் மொத்தப் பார்சலையும் திருப்பி விடுது. பையே வெக்காம அனுப்பினாலும் திருப்பி விடுது. பை வாயில ஒரு சீட்டுக் கட்டணும், 'தெரிஞ்சேதான் காலியா அனுப்பறோம்'னு. அந்தச் சீட்டுதான் அட்ரிபியூட். எழுத வேண்டியது ரெண்டே வார்த்தை: நில், ட்ரூ. இங்கிலீஷ்ல நில்லுன்னா ஒண்ணுமில்லை, ட்ரூன்னா நிஜம்.

ஆப்ல இருந்த ரெடிமேட் புரோகிராமுக்குப் பையை நிரப்பத்தான் தெரியும், சீட்டுக் கட்டத் தெரியாது. கலை கையாலயே எழுதினா. திங்க முழுக்கப் போச்சு. சீட்டு போகுது, சர்வர் படிக்கவே மாட்டேங்குது. செவ்வாய் மதியம்தான் பிடிபட்டுச்சு. சீட்டுக்கு முன்னால, அது எந்த வகையறான்னு ஒரு சின்ன அடையாளம் இருக்கணுமாம். இனிஷியல் மாதிரி. மனுஷனோட இனிஷியலுக்கு ஒரு பை வெக்காத சர்வர் சீட்டுக்கு இனிஷியல் கேக்குது. கலைக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்ல.

டீம் லீடர் சாய்நாத் வந்து எட்டிப் பாத்தான். "அரே மிஸ் பரமசிவன், எதுக்கு இத்னா டென்ஷன்? எல்லாரும் ஒரு டாட் போட்டுக்கட்டும்."

"உங்க சர்நேமை எடுத்துட்டு டாட் போடட்டுமா சார்?"

சிரிச்சான். திருத்தின ஆப் புதன் மதியம் ரிலீஸ்னு சொன்னான். காலையிலயே விடுங்கன்னு கெஞ்சிப் பாத்தா. முடியாதுன்னுட்டுப் போயிட்டான்.

சாயங்காலம் வீட்ல சோறு போட்டுக்கிட்டே சித்தி கேட்டா. "அப்படி என்னத்தட்டி ரெண்டு நாளா எழுதுத?"

"நில்லுன்னு எழுதுதேன்."

"நில்லுன்னு எழுதினா உள்ள விடுமாக்கும்! முப்பது வருசமா நில்லுன்னு சொன்னவன் பூராவும் வெளிய நிறுத்தினவன்தான்." சித்தி சிரிச்சா. "எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லட்டி. மொத நாள்லயிருந்து பச்சைதான் காட்டுது."

அந்த வார்த்தை காதுல விழுந்துச்சு. மண்டையில ஏறலை. கையில சோத்தோட உக்காந்தபடியே தூங்கிட்டா.

புதன் மதியம் ரிலீஸ் ஆச்சு. சிவப்பு வந்தவங்க எல்லாரும் ஷிப்ட் முடியறதுக்குள்ள மறுபடி அமுக்குங்கன்னு சூப்பர்வைசர் கூவினான். அமுக்கினாங்க. எல்லாம் பச்சை. சித்தியை யாரும் கூப்பிடலை. அவ வார்டு துடைச்சுக்கிட்டு இருந்தா.

வியாழன் காலை. கலை போற வண்டி மான்குர்த் ஸ்டேஷன் தாண்டுது. போன்.

"ஏட்டி, எல்லாவளும் உள்ள போயிட்டா. என்னைய மட்டும் கேட்டுக்காரன் நில்லுங்கான்."

கலை மொபைல்லயே லிஸ்டைத் திறந்தா. செண்பகவல்லி: மூணு நாள் வரலை, கேட் பாஸ் மூடியாச்சு. அதுக்குக் கீழ இன்னொருத்தி, செண்பகவல்லி எஸ்: புது ஆளு, மூணு நாளா வேலைக்கு வர்றா, அனுமதி பாக்கி. சர்வர் அவளை வேற மனுஷின்னு எடுத்துக்கிட்டு பச்சை காட்டிக்கிட்டே இருந்திருக்கு.

"சித்தி, அந்த எஸ்ஸை..."

"நீ சொன்ன எழுத்தத்தானட்டி போட்டேன்."

வண்டி பாலத்துல ஏறுச்சு. லைன் கட்டாச்சு.

அன்னைக்கு உள்ள போனவங்க நாப்பத்திரெண்டு.