அம்மாவின் கைரேகை

விழுப்புரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தொழில்நுட்பம், சட்டம், அரசியல் எல்லாம் விவாதிக்கும் ஓர் இணையக் குழுவில் இரண்டு வருடமாக எழுதி வந்தேன். கைரேகை விழவில்லை என்று ரேஷன் கடையில் யாரையும் அரிசி தராமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது என் வாதம். 'நடுநிலையாளன்' என்ற பெயரில் ஒருவன் வரிக்கு வரி என்னைக் கிண்டலடிப்பான். அப்போதெல்லாம் அதே குழுவில் இருந்த திண்டிவனத்துத் தம்பி ஒருவன் தனியாக ஆறுதல் செய்தி அனுப்புவான். போனிலும் பேசுவான். அம்மாவிடம்கூட, "சாப்டீங்களாம்மா?" என்று விசாரிப்பான்.

ஒருநாள் அவனிடம் மட்டும் சொன்னேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்து உரித்து அம்மாவின் ரேகை தேய்ந்துவிட்டது; ரேஷன் கடை மெஷின் மூன்று முறை மறுத்ததும் வரிசையிலேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் நடுநிலையாளன் குழுவில் எழுதினான்: "மல்லாட்டை உரிக்கிற அம்மா வரிசையில அழுதாங்கன்னு சட்டத்தையே மாத்திடணுமா?"

உடனே தம்பிக்கு போன் போட்டேன். "யார்கிட்டடா சொன்ன?"

சிரித்தான். "யார்கிட்டயும் சொல்லலக்கா. ரெண்டு பேர்லயும் நான்தான் எழுதிக்கினு இருக்கேன். சண்டை இல்லன்னா குரூப்பு தூங்கிடுது. இதுக்குப் போய் பேஜாரு பண்றீங்களே!"

அவன் நடுநிலையாளனாக மட்டும் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இப்போதும் விவாதிக்கிறேன். சட்டத்தைப் பற்றி யாரோடும் மல்லுக்கு நிற்பேன். முகம் தெரியாதவரிடம் வீட்டு விஷயம் பேசுவதில்லை.

அம்மாதான், "அந்தத் தம்பி ஏன் போனே பண்றதில்ல? நல்ல புள்ளையாச்சே" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

வேலையாக இருப்பான் என்கிறேன்.