வட்டவடையிலிருந்து கீழே: பேத்தியின் தலைக்குள் போன வெளிச்சம்

என் கையெழுத்து ஏற்றமும் இறக்கமுமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தொன்பது வயதில்தான் எழுதப் படித்தேன். நான் நோட்டில் எழுதுவதை மருமகள் செல்வி படம் பிடித்து இங்கே போடுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையூர்களில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, காலை எட்டு மணிக்கு, கேரட் மூட்டை ஏற்றிய ஜீப்பின் மேலிருந்து செல்வியின் மகள், என் பேத்தி தேன்மொழி விழுந்தாள். வயது ஆறு. இடது காதுக்கு மேலே கீறி ரத்தம் கசிந்தது. எங்கள் வட்டவடையில் எல்லோரும் செய்வதுபோல நான் காப்பித்தூளை அள்ளி அப்பினேன். ரத்தம் நின்றது. எழுந்து விளையாடவும் செய்தாள். பத்து மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பிறகு கண் செருகியது.

ஜீப்காரர் மாரிமுத்து மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். மூணாறு நாற்பத்தைந்து கிலோமீட்டர். தனி வாடகை இரண்டாயிரம். அவர் டீசலுக்கு எண்ணூறு மட்டும் வாங்கினார். பத்தேகாலுக்குக் கிளம்பினோம். டாப் ஸ்டேஷன் வரை ரோடு மோசம். குண்டலை அணையருகே சுற்றுலா வண்டிகள் மறித்ததில் இருபது நிமிடம் போயிற்று.

"தூங்காத தாயி, உன் பேரென்ன சொல்லு" என்று செல்வி கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். குண்டலை வரை தேன்மொழி சொன்னாள். மாட்டுப்பட்டி தாண்டியபின் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்கு மூணாறு. நாங்கள் போன சின்ன ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்க வசதியில்லை. அதற்குக் கோதமங்கலம் இறங்க வேண்டும், இன்னும் எண்பது கிலோமீட்டர். டாக்டர் பார்த்ததுமே ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். அது வருவதற்குள், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த நர்ஸ் ஒருத்தி கைக்கடக்கமான ஒரு கருவியோடு வந்தாள்.

"ஊசி இல்ல தாத்தா, வலிக்காது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்த உள்ள விடுவோம். ரத்தம் கட்டியிருந்தா அந்தப் பக்கம் வெளிச்சத்தக் குடிச்சிரும். ரெண்டு பக்கத்தையும் ஒத்துப் பார்த்து, கட்டியிருந்தா இது சிவப்பு காட்டும்."

முடியை வகிர்ந்து, வலமும் இடமுமாக வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் சிவப்பு காட்டியது. செல்வி அழத் தொடங்கினாள். நர்ஸ் தன் விரலைப் பார்த்தாள்.

"என்ன தாத்தா இது, கறுப்பா?"

"காப்பித்தூள்மா."

"அதுவுந்தான் வெளிச்சத்தக் குடிக்கும். கழுவிட்டு மறுபடி பார்த்தாத்தான் நிச்சயம்."

மாரிமுத்து, "ஏன் பெரியப்பா, மிஷினுக்கும் காப்பி போட்டுக் குடுத்துட்டீங்களா?" என்றார். செல்விக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான்.

வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பத்து நிமிடம் துடைத்தாள். அந்தப் பத்து நிமிடமும், எல்லாம் என் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் தப்பு என்மேல் இல்லையென்றுதான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

மறுபடி வைத்தாள். சிவப்பு.

நர்ஸ் கோதமங்கலத்துக்குப் போன் செய்து எல்லாம் சொன்னாள். ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எங்களுக்காகக் காத்திருந்தார்கள். ஸ்கேனில் மண்டையோட்டுக்கு அடியில் ரத்தக்கட்டு தெரிந்தது. நாலரைக்கு ஆபரேஷன். மூன்றாம் நாள், பசிக்கிறது என்றாள். ஒன்பதாம் நாள் ஊர் திரும்பினோம்.

தலையில் அடிபட்ட பிள்ளைக்குக் காப்பித்தூள், எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மெல்ல மூடினால் போதும். விளையாடுகிறதே என்று நான் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தேன், நீங்கள் இருக்காதீர்கள். அந்தக் கருவி சிவப்பு காட்டாவிட்டாலும், வாந்தியும் மயக்கமும் இருந்தால் ஸ்கேனுக்குப் போயே ஆக வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் குண்டலைக்குக் கூடுதல் நேரம் வைத்துக் கிளம்புங்கள்.

தேன்மொழி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். வலது கையில்தான் இன்னும் பிடிமானம் குறைவு. வரும் வியாழக்கிழமை கோதமங்கலத்தில் அதைப் பார்க்கிறார்கள். டாக்டர் என்ன சொன்னாலும் அடுத்த வாரம் இங்கே எழுதிவிடுகிறேன்.