படத்தில் இருப்பவரின் சம்மதம்

சிவகாசியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கம்பெனிகளின் பதிவு விண்ணப்பங்களை ஆன்லைனில் ஏற்றுவேன். பங்குதாரர் மாறினால் தெரிவிப்பேன். லேபிளுக்கு டிரேட்மார்க் கேட்டு அனுப்புவேன். முன்பெல்லாம் இதற்காக ஃபைலைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவார்களாம். இப்போது எல்லாம் என் மேஜையிலிருந்தே போய்விடுகிறது.

தீபாவளி சீசன் முடிந்திருந்த ஒரு கார்த்திகையில், எம். புதுப்பட்டியில் கம்பி மத்தாப்புக் கம்பெனி நடத்தும் ஒரு அம்மா வந்தார். அவருடைய அப்பா காலமாகி, நிர்வாகம் இவர் கைக்கு வந்திருந்தது. அந்த மாற்றத்தைப் பதிவு செய்துவிட்டு, பெட்டி லேபிளுக்கு டிரேட்மார்க்கும் வாங்கிவிட வேண்டும் என்றார். பென் டிரைவில் இருந்த லேபிளைத் திறந்தேன். மஞ்சள் பின்னணியில், பூப்போட்ட சட்டை அணிந்த சிறுமி ஒருத்தி மத்தாப்பைப் பிடித்தபடி சிரித்தாள்.

“மேடம், இது நான்தான்,” என்றேன்.

அவர் நம்பவில்லை. திருத்தங்கலில் அந்த லேபிளை அச்சடித்த பிரஸ்ஸில்தான் என் அப்பா வேலை பார்த்தார், போட்டோ கொடுத்தவரும் அவர்தான் என்று சொன்னேன். சிறுவயதிலிருந்தே அம்மா எனக்குச் சொல்லி வந்தது அது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெட்டியைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன்.

“எங்கப்பா ஏதோ காலண்டர் படம்னுல்ல சொல்லுவாக! அப்பன்னா நீயே சம்மதம் எழுதிக் குடுத்துரும்மா,” என்று சிரித்தார்.

உயிரோடு இருப்பவரின் படம் லேபிளில் இருந்தால் அவருடைய சம்மதத்தை டிரேட்மார்க் அலுவலகத்தில் எழுத்தில் கேட்பார்கள். ‘இப்படத்தில் இருப்பவர் நானே’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப் செய்து, அம்மாவிடம் காட்ட வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டி வாசிப்பாள். இரண்டு தடவை வாசித்தாள்.

“இதுல நீ கையெழுத்துப் போடாத தாயி.”

“ஏம்மா?”

“அது நீ இல்ல. உங்க அக்கா.”

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். ஆறு வயதில் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். அப்போது நான் கைக்குழந்தை. வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே போட்டோவும் பிரஸ்ஸுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. லேபிள் பேச்சு வந்தாலே அப்பா ஏன் எழுந்து போய்விடுவார் என்பதும் புரிந்தது. அதைப் பற்றிக் கேட்க அவர் இப்போது இல்லை.

“பெறகு ஏம்மா அது நான்னு சொன்ன?”

அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அந்தப் பெட்டியத்தான நான் கம்பெனில பேக்கிங் பண்ணுனேன். ஒரு நாளைக்கு எம்புட்டுப் பெட்டி கையில வந்து போகும்! அம்புட்டுலயும் அவ சிரிச்சா நான் எப்பிடி வேல பாக்க? நீன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்தா நீ இருப்ப. பெறகு நீ வெவரம் தெரிஞ்சு கேக்கயில அதையே சொல்லிட்டேன்.”

கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் ஆடிட்டரிடம் கேட்டேன். இறந்தவர் படம் என்றால், இறந்து இருபது வருடத்துக்குள் இருந்தால்தான் குடும்பத்தின் சம்மதம் கேட்பார்களாம். அக்கா போய் அதற்கும் மேலே ஆகிவிட்டது. யார் கையெழுத்தும் வேண்டாம். வேலை சுலபமாக முடிந்தது என்ற நினைப்பில் அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப யாரும் நம்மள்ட்ட கேக்க வேண்டியதில்லயா?”

“சட்டப்படி வேண்டியதில்லம்மா.”

ராத்திரி சோறு போடும்போது சொன்னாள்: “கேட்டா நல்லாருக்கும்.”

அந்தக் கம்பெனிக்கார அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல், அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“உங்க மகள எங்க லேபிள்ல வச்சுக்கிடலாமா? நீங்க வேண்டாம்னா எடுத்துருதேன்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்சம் தெளிந்த பிறகு, “வச்சுக்கிடுங்க. ஆனா பிரிண்ட நல்லாப் போடச் சொல்லுங்க. இப்பம் வாறதுல கலர் வெலகி, கண்ணு கலங்கலாத் தெரியிது,” என்றாள்.

‘இப்படத்தில் இருப்பவர் என் மூத்த மகள்’ என்று புதிதாக ஒரு கடிதம் டைப் செய்தேன். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். யாரும் கேட்காத அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்பினேன். சில நிமிடங்களில் விண்ணப்ப எண் வந்தது.

அன்று படுக்கும் முன், அக்கா எப்படி இருப்பாள் என்று அம்மாவிடம் முதல் தடவையாகக் கேட்டேன்.

“அவளுக்கு வெடி, மத்தாப்பு எல்லாமே பயம். கிட்டவே வர மாட்டா. போட்டோவுக்காக வெறும் கம்பியக் குடுத்துத்தான் நிக்க வச்சோம். அந்தப் பொறி எல்லாம் உங்கப்பா பிரஸ்ல உக்காந்து வரஞ்சது,” என்றாள் அம்மா.