பரந்தன் சந்தியில் பறிபோன சோடா

போன வருசம் ஐப்பசி மாதம், மழை இருட்டிக்கொண்டு நிண்ட ஒரு காலமை. பரந்தன் சந்தி பஸ் தரிப்பிடத்தில என்ர மனிசன் வயித்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கிறார். நான் பக்கத்தில நிண்டு அவரை ஏசிக்கொண்டிருக்கிறன். எனக்குப் பயம் வந்தால் அழுகைக்கு முந்தி வாய்தான் வரும். என்ன செய்யிறது, பிறவிக்குணம்.

அவர் ஹங்கேரியில ஒரு இறைச்சித் தொழிற்சாலையில வேலை செய்துபோட்டு அந்த ஆடியிலதான் ஊருக்கு வந்தவர். போகேக்க குரக்கன் புட்டும் சம்பலும் சாப்பிட்ட மனிசன், வரேக்க வேற நாக்கோட வந்தார். பாணில மொத்தமாக் கொழுப்பைப் பூசி, மேல பச்சை வெங்காயம் வெட்டி வைச்சுச் சாப்பிடோணுமாம். அங்க கூட வேலை செய்த கிழவர்மார் பழக்கினது. பன்றிக் கொழுப்பை என்ர குசினிக்குள்ள விடமாட்டன் எண்டதால மாஜரினில வந்து நிண்டார்.

"அங்கயும் இப்ப இளம் பெடியள் இதை விட்டுட்டாங்களப்பா. டப்பாவில இலை குழையும் பருப்பும் கொண்டுவந்து ஆடு மாதிரி மெல்லுறாங்கள்" எண்டு சிரிப்பார். அந்த நாட்டுக்காரரே விட்டதை நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு கேட்டால், ஊரோட ஒத்து வாழோணுமெல்லோ எண்டுவார். இது எந்த ஊர் எண்டு தெரியுமோ எண்டு நான் கேப்பன். இதுதான் எங்கட வீட்டில நாளாந்தச் சண்டை.

அதால அண்டைக்கு விடிய அவர் வயித்து நோவில சுருண்டு படுத்தவுடன, ஒருத்தரும் யோசிக்கத் தேவையிருக்கேல்லை. முதல் நாளிரவும் அந்தப் பாண்தானே சாப்பிட்டவர்! இஞ்சித் தேத்தண்ணி குடுத்தன், சத்தி எடுத்தார். ஓமத்தண்ணி குடுத்தன், அதுவும் வெளியில வந்தது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்திட்டு, "உது கொழுப்புக் கட்டிப்பட்டு நிக்குது. பரந்தனுக்கு அங்கால எண்ணெய் போட்டு வயிறு உருவுற ஒராள் இருக்கிறார். ஒருக்கா அமத்தி உருவினால் எல்லாம் இறங்கும்" எண்டா. எனக்கும் அது சரியாத்தான் பட்டுது. உருத்திரபுரத்தில இருந்து பஸ் ஏறி, அடுத்த பஸ்சுக்குப் பரந்தனில இறங்கினம். அதுக்கு மேல அவரால நிமிர ஏலாமல் போச்சு.

கடைக்காரத் தம்பி பாவம் பாத்து ஒரு சோடாவைத் திறந்து கொண்டு வந்தார். எங்கட ஆக்களுக்கு வயித்து நோ எண்டால் சோடாதானே முதல் மருந்து, ஒரு ஏப்பம் வந்தால் சரி. நான் போத்தலை வாங்கி அவற்ற வாயில வைக்கப்போறன், பின்னால இருந்து ஒரு கை வந்து பறிச்சுது.

திரும்பிப் பாத்தால், தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானா. முல்லைத்தீவுப் பக்கத்து வியாபாரி. தேத்தண்ணி குடிக்கவெண்டு நிப்பாட்டின அவற்ற சின்னப் பட்டா லொறி, வாளி, கடகமெல்லாம் ஏத்தினபடி பக்கத்தில நிக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு, "என்ன நானா விசர் வேலை பாக்கிறியள்?" எண்டு கத்திப்போட்டன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. மனிசனுக்கு முன்னால குந்தி, "தம்பி, எங்க நோகுது?" எண்டு கேட்டார்.

மனிசன் வயித்தைச் சுத்திக் கையைக் காட்டினார்.

"இது இப்ப நோகிற இடம். துவங்கின இடம் எது?"

மனிசன் என்னைப் பாத்தார். பிறகு நிலத்தைப் பாத்தார். நானாவுக்கு விளங்கிட்டுது. "தங்கச்சி, நீங்க கொஞ்சம் அங்கால நில்லுங்கோ" எண்டவர், மனிசன்ர தோளில கை வைச்சு, "ஆபத்துக்குப் பாவமில்லைத் தம்பி, வெக்கப்படாமல் சொல்லுங்கோ" எண்டார். நான் ரெண்டடி தள்ளி நிண்டன். ஆனால் காதை இஞ்சதானே வைச்சிருந்தன்.

அப்பதான் எல்லாம் வெளியில வந்தது. ஹங்கேரியில உறைஞ்ச இறைச்சிப் பெட்டியள் தூக்கித் தூக்கி, அடிவயித்துக்குக் கீழ, தொடை இடுக்கில ஒரு கட்டி தள்ளினதாம். படுத்தால் உள்ளுக்குப் போயிடுமாம். சொன்னால் வேலை போயிடுமெண்டு அங்க மறைச்சவர், இஞ்ச வந்து வெக்கத்தில என்னட்டயும் மறைச்சிருக்கிறார். அண்டைக்கு விடிய அது உள்ளுக்குப் போகேல்லை.

நானா மனிசன்ர சாரத் துணிக்கு மேலால தொட்டுப் பாத்தார். முகம் மாறிப்போச்சு.

"கல்லு மாதிரிக் கிடக்கு. எனக்கும் இப்பிடி வந்ததுதான் தங்கச்சி, இவர் குந்தியிருந்த விதத்தைப் பாத்துத்தான் சோடாவைப் பறிச்சனான். குடல் வெளியில வந்து இறுகிப் போச்சு. இதில உருவினால் வெடிச்சிடும். ஆஸ்பத்திரியில வெட்டோணும், அதுக்கு முந்தித் தண்ணிகூடக் குடுக்காதேங்கோ. ஏறுங்கோ லொறியில!"

ஐயோ, அந்த ஓட்டம்! முன்சீற்றில மூண்டு பேரும் நெருக்கிக்கொண்டிருக்கிறம். பின்னால வாளியள் கிடந்து அடிபடுது. மனிசனுக்குக் குளிர் வேர்வை. "நாக்கு வரளுது, ஒரு சொட்டுத் தண்ணி தாவன்" எண்டு என்ர கையைப் பிடிச்சுக் கெஞ்சுறார். என்ர பையுக்குள்ள தண்ணிப் போத்தல் கிடக்கு. கட்டின மனிசன் தண்ணி கேக்கக் குடுக்காமல் இருக்கிறது எவ்வளவு கொடுமை எண்டு அண்டைக்குத்தான் அறிஞ்சன். என்ர கை போத்தலுக்குப் போறதைப் பாத்த நானா, றோட்டில இருந்து கண்ணெடுக்காமல், "அதை என்னட்டத் தாங்கோ" எண்டார். குடுத்திட்டன்.

ஆஸ்பத்திரியில டொக்டரம்மா ஒருக்கா அமத்திப் பாத்தவா, அவ்வளவுதான், எல்லாரும் ஓடத் துவங்கிச்சினம். "இப்பவே வெட்டோணும். பிந்தினால் குடல் அழுகிடும், பிறகு உயிருக்கு உத்தரவாதம் சொல்லேலாது. குடல் நல்லா இருந்தால், திரும்ப இறங்காமல் அந்த இடத்தில ஒரு வலை வைச்சுத் தைச்சுவிடுவம்" எண்டு அவா சொன்னா.

வலை எண்டதைக் கேட்டவுடன, நோவில முனகிக்கொண்டிருந்த மனிசன் தலையை உயர்த்தினார். "வலை வேண்டாம். சும்மா தைச்சு விடுங்கோ." கடைசி யுத்தத்தில முதுகில ஏறின செல்குண்டுத் துண்டு இன்னும் அவருக்குள்ளதான் கிடக்கு. "என்ர உடம்பு என்ன குப்பைக்கிடங்கோ? ஒண்டைச் சுமக்கிறது காணும்" எண்டு கையெழுத்துப் போட மறுத்திட்டார்.

டொக்டர் பொறுமையாச் சொன்னா. அது மெல்லிசான நூலால பின்னினது, உடம்பு தள்ளாது, அதின்ர ஓட்டையளுக்குள்ளால சதை வளந்து இறுக்கிப் பிடிச்சிடும் எண்டெல்லாம் சொன்னா. அவர் கண்ணை மூடிக்கொண்டு மாட்டனெண்டு தலையாட்டுறார். நேரம் போகுது.

எனக்குப் பொறுக்கேல்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னாலயும் கத்தினன். "அது உங்களைக் கொல்ல வந்தது. இது காப்பாத்த வாறது. ரெண்டையும் ஏனப்பா ஒண்டாப் பாக்கிறியள்? செத்தவைக்குள்ளால உங்களை இழுத்துக்கொண்டு வந்தது இப்பிடிச் சாகக் குடுக்கவோ?" சொல்லி முடியத்தான் அழுகை வந்தது. அவர் கண்ணைத் திறந்து, பேனையைத் தாங்கோ எண்டார்.

நானா போகேல்லை. மத்தியானத்து லுகர் தொழுகையை முடிச்சிட்டு வந்து திரும்பவும் வாங்கில இருந்தார். தனக்கும் அந்த வலைதான் வைச்சது, நுளம்புவலைத் துணி மாதிரி இருக்கும், இப்ப உள்ளுக்க இருக்கெண்ட நினைப்பே வாறதில்லை எண்டு எனக்குத் தெம்பு சொல்லிக்கொண்டிருந்தார்.

டொக்டர் வெளியில வந்து சொன்னா. குடல் கறுத்துத்தான் கிடந்ததாம். இளஞ்சூட்டு ஈரத்துணியால மூடிப்போட்டுக் காத்திருக்க, மெல்ல மெல்ல நிறம் திரும்பினதாம். வலை வைச்சுத் தைச்சாச்சு. "டொக்டர், நான் இவரை வயிறு உருவவெல்லோ கூட்டிக்கொண்டு போனனான்" எண்டன். அவா என்னை ஒரு பார்வை பாத்தா.

நானா "அல்ஹம்துலில்லாஹ்" எண்டு எழும்பினார். பேரைக் கேட்டன். "பேர் என்னத்துக்குத் தங்கச்சி? உங்கட பக்கம் வந்தால் ஒரு வாளி வாங்குங்கோ" எண்டு சிரிச்சிட்டுப் போனார். அவர் இன்னும் எங்கட பக்கம் வரேல்லை.

மனிசன் இப்ப கக்கூசில முக்காமல் இருக்கோணுமெண்டு, வைக்கிற கீரையெல்லாத்தையும் வாய் திறக்காமல் சாப்பிடுறார். அந்த ஹங்கேரிப் பெடியளுக்கு விசயம் தெரிஞ்சுதான் இருக்கு எண்டு ஒருநாள் தானாகவே ஒத்துக்கொண்டார்.

அண்டைக்கு எங்கள் எல்லாரிட்டயும் காரணமும் மருந்தும் நிறைய இருந்தது. எங்க நோகுது எண்டு கேக்க மட்டும், வீட்டிலயும் ஊரிலயும் ஒருத்தருக்கும் தோன்றேல்லை. வழியில தேத்தண்ணி குடிக்க நிண்ட ஒரு ஆள் கேட்டார். அந்த ஒரு கேள்வியாலதான் என்ர பிள்ளையளுக்கு இண்டைக்கு அப்பா இருக்கிறார்.