அரைநெல்லி விறகு

ஒரு மரம் செத்துவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிக்க எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். அப்பா ஒரு சுள்ளியை ஒடித்துப் பார்ப்பார். அம்மா அடிமரத்தில் கறையான் மண் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். சித்தப்பா விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். என்ன கேட்டது என்று யாரிடமும் சொன்னதில்லை. அத்தை மட்டும் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுவாள். கீறிய இடத்தில் பச்சை தெரிந்தால் போதும், பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஒற்றை அரைநெல்லி மரத்துக்குத்தான் இத்தனை வைத்தியர்கள். அரைநெல்லிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மாசி, பங்குனியில் இலையை எல்லாம் கொட்டிவிட்டுச் செத்ததுபோல நிற்கும். வருஷா வருஷம் அம்மா, “போச்சு, வெட்டி அடுப்புக்கு வச்சிருவோம்” என்பாள். அத்தை அவள்பாட்டுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை மரத்து மூட்டில் ஊற்றிக்கொண்டிருப்பாள். சித்திரையில் துளிர்த்துப் பூத்து, பிறகு கிளையெல்லாம் காய் அப்பிக்கொள்ளும். உப்பும் வத்தல்பொடியும் தொட்டுத் தின்று பல் கூசிப்போய்த் திரிவேன்.

அது அத்தை கொண்டுவந்த மரம். கல்யாணமான முதல் ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தபோது, தளவாய்புரத்தில் மாமா வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு கன்றைத் தகர டின்னில் வைத்து எடுத்து வந்தாளாம். ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அவர்கள் வரவில்லை. கல்யாணப் பந்தியில் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவரை இடமில்லை என்று எழுப்பிவிட்டார்களாம். அந்த மனத்தாங்கல் தீரவே இல்லை. கன்று மரமாகி, நானும் பிறந்து மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எல்லா வீட்டிலும் இப்படி ஓர் அத்தை இருப்பாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் சித்திரை வந்தது, மரம் துளிர்க்கவில்லை. ஆனிச் சாரல் இறங்கி, அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே குளிக்கக் கிளம்பியது. அப்போதும் துளிர்க்கவில்லை.

“ஏட்டி, பட்டுப்போன மரத்துக்கு எம்புட்டுத் தண்ணிதான் ஊத்துவ?” என்றாள் அம்மா.

“உள்ள பச்சை இருக்கு மதினி. கொஞ்சம் பொறுங்க.”

பச்சை எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். பட்டை முழுக்க அத்தையின் நகக்கீறல்கள்தான் இருந்தன.

ஆடி பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெரியப்பா வந்தார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவும் அவர் வாயால்தான் வரவேண்டும். தளவாய்புரத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சொன்னார்.

“அறுத்துவிடணும்னு கேக்கத்தான் வாராக. ஆனா வந்த எடத்துல அவன் கை நனைச்சிட்டான்னா, பொறவு அந்தப் பேச்சை எடுக்க நாக்கு வராது. கறி எடுத்து நல்லாச் சமைச்சு வைங்க.”

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. உறவு வேண்டாம் என்று வருகிறவர்கள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் உறவு ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். எதை அறுத்துவிடப் போகிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. கறிக்குழம்பு என்பது நன்றாகப் புரிந்தது. மாமா வருகிறார், அத்தையைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு காலையில் விறகு எல்லாம் சாரலில் நனைந்து கிடந்தது. அம்மாவும் அத்தையும் மாறிமாறி ஊதினார்கள். வீடெல்லாம் புகைதான் மண்டியது, உலை கொதிக்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மரத்தின் மூட்டில் உட்கார்ந்து, நகத்தால் ஓர் இடத்தில் கீறினாள். பக்கத்தில் இன்னோர் இடத்தில் கீறினாள். பிறகு எழுந்து அப்பாவிடம் சொன்னாள்.

“பச்சை இல்லண்ணே. வெட்டுங்க.”

அப்பா அரிவாளை எடுத்து வந்தவர் வெட்டாமல் நின்றார். அத்தையே அவர் கையிலிருந்து வாங்கி முதல் வெட்டை வெட்டினாள். இத்தனை வருஷம் காபந்து பண்ணிய மரத்தை ஒரு சட்டிக் குழம்புக்காகக் கொடுத்துவிட்டாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அன்றைக்குச் சில்லுகள் தெறிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே காய்ந்த மரம், புகையே இல்லாமல் எரிந்தது. அத்தை யாரையும் அடுப்புப் பக்கம் விடாமல் தானே சமைத்தாள்.

ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாமாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒல்லியாக இருந்தார். முற்றத்தில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை யாரும் தொடவில்லை.

“மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. பேச்சு எங்க போயிரப் போவுது?” என்றார் பெரியப்பா.

“இருக்கட்டும் அய்யா. வந்த சோலியைப் பாப்போம்” என்றார் அவர்களோடு வந்த பெரியவர்.

குழம்பு வாசம் முற்றம் வரைக்கும் வந்தது. மாமா எச்சில் விழுங்கியதை நான் பார்த்தேன். சாப்பிட்டுவிடுவார் என்றே நினைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்ற அத்தையும் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு துரும்பு எடுங்கப்பா” என்றார் பெரியவர். வைக்கோல் துரும்புக்கு மாடு வளர்க்கிற வீடா எங்கள் வீடு? அவர் குனிந்து, மரம் வெட்டிய இடத்தில் சிதறிக் கிடந்த ஒரு குச்சியை எடுத்து மாமாவிடம் நீட்டினார். அத்தையைக் கூப்பிட்டார்கள். மாமா அதை அவள் கையில் வைத்தார். உடனே எல்லோரும் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

துரும்பைக் கையில் கொடுத்தால் கல்யாணம் தீர்ந்தது என்று அர்த்தம் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. முருங்கைக் கொம்பும் பூவரசங்குச்சியும் நட்டால் வேர்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நான். மரம் போய்விட்டதே, இதை நட்டுக்கொள் என்று மாமா கொடுத்துவிட்டுப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை குச்சியை அடுப்படியில் வைத்துவிட்டு எங்களுக்குச் சோறு போட்டாள். பெரியவர்கள் யாரும் சாப்பிடவில்லை. நான் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவியதும் அந்தக் குச்சியை எடுத்துப்போய் முற்றத்தில் ஊன்றி, தண்ணீர் ஊற்றிவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

“அத்தை, மாமா குடுத்த குச்சிய நட்டுட்டேன், பாருங்க.”

அத்தை வந்து பார்த்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மாவும் அப்பாவும் உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குச்சியைத் தலைகீழாக ஊன்றிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து, அதை அவசரமாகப் பிடுங்கித் திருப்பி நட்டேன்.