புகாரே வராத இலவந்தோப்பு

சூர்யகலாவுக்கு வாய்க்காரி என்று பெயர். அதை அவள் படித்து வாங்கிய பட்டம்போலவே வைத்துக்கொண்டிருந்தாள். போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் பிறந்தவள். மதுரையில் குற்றவியல் படிக்கப் போனபோது, பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இந்தத் திருட்டுப் படிப்பு என்று மாமன்மார் கேட்டார்கள். “ஒங்கள மாதிரி ஆளுகளப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளையும் பார்க்கவில்லை.

படித்து முடித்துப் போடியில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டாள். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் கூடி நகரப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். எங்கே குற்றம் நடக்கிறது, எதைச் செய்தால் குறையும் என்று ஆராய்ந்து சொல்லப் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் சொற்பம்தான். இருந்தாலும் படித்த படிப்புக்கு வந்த முதல் வேலை என்று துள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

குழு என்றால் தலைவர் பாண்டித்துரைதான். மற்றவர்கள் அவர் சிரித்தால் சிரிக்கவும், அவர் எழுந்தால் எழவும் சேர்க்கப்பட்டவர்கள். பாண்டித்துரை ஏலக்காய் வியாபாரத்தில் சம்பாதித்தவர். சம்பாதித்த பிறகு மனிதனுக்கு மாலை தேவைப்படுகிறது. கோயில் கமிட்டியில் ஏற்கெனவே வேறொருவர் உட்கார்ந்திருந்ததால் இவர் பாதுகாப்புப் பக்கம் வந்தார்.

சூர்யகலா தெருத்தெருவாக அலைந்தாள். பெண்கள் எங்கே பயப்படுகிறார்கள் என்று கேட்டாள். பஜார் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாய இறங்குகிற பெண்கள் எல்லாரும் ஒரே இடத்தைச் சொன்னார்கள். ஊரின் மேற்குக் கடைசியில் ஜீப்பை விட்டு இறங்கிக் காலனிக்கு நடக்கிற பாதை. அங்கே விளக்கு கிடையாது. குடித்துவிட்டு நிற்கிறவன் கையை நீட்டுகிறான், செல்போனைப் பிடுங்குகிறான்.

அவள் எழுதிக் கொடுத்தது எளிமையான யோசனை. அந்தப் பாதைக்கு விளக்குப் போடுங்கள். சாயங்காலம் ஒரு பஸ் விடச் சொல்லிக் கேளுங்கள். மலைச்சாலை ஊருக்குள் நுழைகிற முனையில் குழு வைக்க நினைக்கிற கேமரா மட்டும் வேண்டாம். ஜீப்பில் ஏற்ற வேண்டியதைப்போல இரண்டு பங்கு ஆள் ஏற்றுகிறார்கள். கேமராவைப் பார்த்தால் அபராதத்துக்குப் பயந்து டிரைவர்கள் அதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டுவிடுவார்கள்.

பாண்டித்துரை படித்துப் பார்த்தார். படித்தார் என்று சொல்வது மரியாதைக்காக.

“வெளக்குன்னா யாரு போட்டதுன்னு எவனுக்கும்மா தெரியும்? கேமரான்னா ஒரு மதிப்பு” என்றார்.

கேமரா வந்தது, சாலை முனையிலேயே வந்தது. அதற்கு மேலே குழுவினரின் பெயர்ப் பலகை. பலகைதான் பெரிது. கேமராவை அதற்குக் கீழே தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த வாரமே டிரைவர்கள் புது இடம் கண்டுபிடித்தார்கள். கேமராவுக்கு முன்னால், ஓடையை ஒட்டிய இலவந்தோப்பு. பாதி ஆட்களை அங்கே இறக்கிவிட்டு, மீதிப் பேரோடு யோக்கியமாக ஊருக்குள் போனார்கள். இறங்கியவர்கள் தோப்புக்குள் இருட்டில் நடந்தார்கள். அப்படி நடந்துவந்தபோதுதான் ஒருவன் சூர்யகலாவின் மதினி, தோட்ட வேலைக்குப் போய்வரும் அண்ணன் மனைவி அமுதவள்ளியின் தோட்டைப் பிய்த்துக்கொண்டு ஓடினான். காது மடல் கிழிந்து தொங்கியது. தையல் போட்ட டாக்டரிடம் மரக்கிளை கிழித்துவிட்டது என்றாள் அமுதவள்ளி.

சூர்யகலாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “ஸ்டேஷனுக்கு வா மதினி. நீ எழுதிக் குடுத்தாத்தான் அந்த எடத்துக்கு வெளக்கு வரும்.”

“எழுதிக் குடுத்தா எங்கன எறங்குனேன்னு கேப்பாக. ஏன் அங்கன எறங்குனேம்பாக. ஜீப்பப் பிடிச்சுப் போட்ருவாக. அத்தன பொம்பளைக பொழப்பும் போயிரும். பேசாம உன் சோலியப் பாரு கலா.”

இப்படி ஒருத்தியும் வாய் திறக்காததால் ஊரில் புகார் குறைந்தது. புகார் குறைந்ததால் குழு வெற்றிவிழா எடுத்தது.

விழா மலையடிவாரத்தில் பாண்டித்துரையின் மாந்தோட்டத்தில். கூட்டம் காட்ட வேண்டுமே? மலையிலிருந்து இறங்கிய ஜீப்புகளை அப்படியே தோட்டத்துக்குள் திருப்பினார்கள். பகலெல்லாம் குனிந்து காய் பறித்த பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு புளிச்சோற்றுப் பொட்டலத்துக்காகக் கை தட்டினார்கள். அமுதவள்ளி முந்தானையால் காதை மூடியிருந்தாள். கேமரா வாங்கியதுபோக மிச்சமிருந்த பணம் எதற்கு என்று இன்று அறிவிக்கப்போகிறார்கள். தோப்புக்கு விளக்கு வாங்கிவிட வேண்டும் என்றுதான் சூர்யகலா மேடை ஏறினாள்.

“புகார் வரலங்கிறதும் குத்தம் நடக்கலங்கிறதும் ஒண்ணில்ல சார். இலவந்தோப்புல...”

பாண்டித்துரை சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். “படிச்ச பிள்ள. விவரமாப் பேசும்” என்றார். மிச்சப் பணத்தில் ஊர் எல்லையில் ‘பாதுகாப்பான நகரம்’ என்று ஓர் அலங்கார வளைவு கட்டப்போவதாக அறிவித்தார். குழுவினர் எழுந்து நின்று தட்டினார்கள். வெட்கம் என்கிற சாமான் அந்த மேடையில் ஒருவரிடமும் இல்லை.

விழா முடிய இருட்டிவிட்டது. சூர்யகலா மதினியோடு ஜீப்பில் நெருக்கி ஏறினாள். டிரைவர் முனியசாமி கொஞ்ச தூரம் ஓட்டி, வழக்கம்போல இலவந்தோப்பில் நிறுத்தினான்.

“பாதிப்பேரு எறங்குங்கத்தா. அங்கிட்டு கேமரா இருக்கு.”

பாதுகாப்பு விழாவில் கை தட்டிவிட்டு வந்த பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். சூர்யகலாவும் இறங்கினாள். ஜீப் போனதும் தன் கையே தனக்குத் தெரியவில்லை. ஓடைப்பக்கம் எவனோ இருமினான். பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இந்த இடத்தைப் பற்றிப் பேசியவளும் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்து, பாண்டித்துரையைக் கூப்பிட்டாள்.

“சார், இலவந்தோப்புல நிக்கிறோம். எல்லாம் பொம்பளைக. காரை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வர்றீங்களா?”

“கூறுகெட்ட பிள்ளையா இருக்கியே! இந்நேரத்துல அந்தப் பக்கம் மனுசன் வருவானா? என் டிரைவரே வர மாட்டான். வெரசா அங்கிட்டிருந்து கெளம்புங்க.”

போனை வைத்துவிட்டார். சூர்யகலா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.

அதற்குள் இருட்டில் அமுதவள்ளியின் குரல் கேட்டது.

“அப்ப அந்தாளுக்கும் தெரிஞ்சிருக்கு.”

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே மறுபடியும் சொன்னாள்.

“காலைல மலைக்குப் போகல. ஸ்டேஷனுக்கு வர்றேன் கலா, காதக் காட்ட. ஜீப்பு நின்னா நிக்கட்டும்.”

“நானும் வர்றேன்” என்றாள் பின்னால் வந்த ஒருத்தி.